மாநிறத் தோலுக்கு வெயில் செய்வதும் நாம் செய்யக்கூடியதும்

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வயது 45, அலுவலக வேலை. ஒரு வருடமாக இரண்டு கன்னத்து மேட்டிலும் பழுப்புப் படை, நெற்றி கறுத்துவிட்டது, பின்கழுத்தும் கறுப்பு. "நம்ம தோலுக்கு வெயில் ஒண்ணும் செய்யாது, வயசாகுது, அவ்வளவுதான்" என்கிறார் அம்மா. தோழி ஒரு டப்பா க்ரீம் கொடுத்து இரண்டே வாரத்தில் வெளுத்துவிடும் என்கிறார். தனியார் வாடகைக் கார் ஓட்டும் கணவருக்கு வலக் கன்னம் மட்டும் சொரசொரப்பாகிவிட்டது. இதெல்லாம் வெயிலா வயதா, இனிமேல் ஆரம்பித்தால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தோல் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் பல வருடமாக மருந்தாளராக வேலை பார்க்கிறேன், அதில் பெரும்பகுதி தோல் மருந்துகளோடு போனது. முகத்தைப் பார்க்காமல் உங்களுக்கு இருப்பது இன்னதுதான் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வெயில் நம் தோலில் என்ன செய்கிறது, எதைச் செய்தால் பலன் உண்டு, எதைத் தொடவே கூடாது என்பதை நன்றாகவே சொல்ல முடியும்.

முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கையைத் தூக்கி, அக்குளுக்குக் கீழே மேல்கையின் உட்புறத் தோலைப் பாருங்கள். அப்புறம் அதே கையில் முழங்கைக்குக் கீழே வெளிப்புறத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் வயது 45தான். உட்புறத்தில் தெரிவது வயது மட்டும் செய்த வேலை: கொஞ்சம் மெலிந்திருக்கும், கொஞ்சம் வறண்டிருக்கும், நிறம் மட்டும் ஒரே சீராக இருக்கும். வெளிப்புறத்தில் கூடுதலாகத் தெரியும் திட்டும் தடிப்பும் சொரசொரப்பும் பெரும்பாலும் வெயில் சேர்த்தவை. அம்மாவின் கையிலும் பாருங்கள், வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். "முகத்து மூப்பில் 80 சதவீதம் வெயிலால்தான்" என்று ஓர் எண் எல்லா விளம்பரத்திலும் வருகிறதே, அது பிரான்சில் வெள்ளைத்தோல் பெண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. நம் தோலுக்கு அந்த எண்ணைத் தூக்கிப் பொருத்த முடியாது. வெயிலின் பங்கு பெரியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

பின்கழுத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல மெத்தென்று இருந்தால், அக்குளிலும் அப்படியே இருந்தால், அதற்கு வெயில் காரணம் இல்லை. பெரும்பாலும் இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாதபோது தோல் காட்டும் அடையாளம் அது. இந்தியர்களில் மிகவும் சாதாரணமாகப் பார்க்கிறோம், அதைப் போய் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்து இன்னும் கறுக்க வைப்பவர்களையும் பார்க்கிறோம். எந்த க்ரீமுக்கும் முன்னால் ரத்தச் சர்க்கரை பாருங்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

சரி, வெயில் எப்படி வேலை செய்கிறது? தரையை எட்டும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை. யூவிபி பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும், தோல் சிவந்து எரிவது முக்கியமாக அதனால்தான். யூவிஏ அடித்தோல் வரைக்கும் இறங்கும். தரைக்கு வரும் புற ஊதாவில் சுமார் 95 சதவீதம் யூவிஏதான், எரிச்சல் தராததால் பட்டதே தெரியாது. அடித்தோலைத் தாங்கிப் பிடிப்பவை கொல்லாஜன் என்னும் புரத இழைகள். தோல் சிவக்கக்கூட போதாத அளவு கதிர் பட்டாலே, கொல்லாஜனை வெட்டும் நொதிகள் சில மணி நேரத்தில் பெருகிவிடுகின்றன என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் மனிதத் தோலிலேயே காட்டினார்கள். புதுக் கொல்லாஜன் உருவாவதும் அந்த நேரத்தில் குறைகிறது. உடல் பழுது பார்க்கும், ஆனால் முழுசாகப் பார்க்காது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறை மிஞ்சும். கயிற்றுக் கட்டிலில் இன்று ஓர் இழை, நாளை ஓர் இழை என்று அறுந்துகொண்டே வந்தால் ஒரு நாளும் வித்தியாசம் தெரியாது, ஒரு கட்டத்தில் கட்டில் தொய்ந்திருப்பது மட்டும் தெரியும். அப்படித்தான் இது. தைப்பூசத்துக்கு ஒரு நாள் முழுக்க நடந்ததைவிட, வருடக்கணக்காக மதியச் சாப்பாட்டுக்கு உணவங்காடிக்கு நடந்த அந்தப் பத்து நிமிடங்களே முகத்தில் அதிகமாகச் சேர்கின்றன.

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி ஓர் இயற்கைத் தடுப்பு. 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கறுப்பினத்தவரின் மேல்தோல் தரும் பாதுகாப்பு எஸ்பிஎஃப் (வெயிலில் தோல் சிவப்பதை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) கணக்கில் சுமார் 13 என்றும் வெள்ளையரின் மேல்தோலுக்கு சுமார் 3 என்றும் அளந்தார்கள். மாநிறம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதனால் நமக்குச் சுருக்கம் தாமதமாக வருகிறது, வெயிலால் வரும் தோல் புற்றுநோயும் மிகக் குறைவு. மறுபாதியைத்தான் நாம் கவனிப்பதில்லை. நிறமி செய்யும் செல்கள் நமக்குச் சட்டென்று தூண்டப்படும். வெயில், சூடு, ஒரு பரு, ஒரு அரிப்பு, ஒரு காரமான க்ரீம் என்று எது பட்டாலும் நிறத்தைக் கொட்டிவிடும். ஆகவே வெள்ளைத்தோலில் கோடும் சுருக்கமுமாக வரும் வெயில் மூப்பு, நம் தோலில் முதலில் திட்டாகவும் படையாகவும் நிறக் குழப்பமாகவும் வருகிறது. அதை நாம் "கறுத்துட்டேன்" என்று புரிந்துகொள்கிறோம். கறுத்தால் வெளுக்க வைக்க வேண்டும் என்று கிளம்புகிறோம். பல வருடமாக இதைப் பார்த்து வருத்தப்படுகிறேன். உங்கள் நிறம் நோய் இல்லை, அதை மாற்ற வேண்டியதில்லை. கன்னமும் மேல்கையின் உட்புறமும் ஏறக்குறைய ஒரே நிறத்துக்குத் திரும்பினால் அதுவே முழு வெற்றி. உங்கள் பிறவி நிறத்துக்கு மேல் வெளுக்க வைப்பதாகச் சொல்லும் எதுவும் உங்கள் தோலுக்குத் தீங்கு செய்யத்தான் வாய்ப்பு அதிகம்.

இரண்டு கன்னத்து மேட்டிலும் சமமாகப் படை விழுந்திருப்பதாகச் சொல்வது மங்கு (மெலாஸ்மா) என்னும் நிறப்படையாக இருக்கலாம். மங்குக்கு வெயிலோடு ஹார்மோன், பரம்பரை, கர்ப்பம், கருத்தடை மாத்திரை என்று பல காரணம் சேரும். அதைக் கட்டுப்படுத்தலாம், பல பேருக்கு நன்றாகவே மங்கிப்போகும், ஆனால் மறுபடி வெயில் பட்டால் திரும்பி வரும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் புது க்ரீம் தேட மாட்டீர்கள்.

இனி சிங்கப்பூர் வெயில். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதால், சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒரு மணி சுமாருக்கு, அதாவது பாதி ஊர் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில். மேகம் இல்லாத நாளில் அந்த நேரத்தில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சர்வசாதாரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவில் அதுதான் உச்சப் படி, 3 ஆனாலே பாதுகாப்பு தேவை என்பது அவர்கள் கணக்கு. தேசியச் சுற்றுப்புற வாரியம் இந்தக் குறியீட்டை மணிக்கு மணி வெளியிடுகிறது, மைஎன்வி செயலியில் பார்க்கலாம். ஒரு வாரம் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும்: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் பெரும்பாலும் மிகக் குறைவு, 11 முதல் 3 வரைதான் ஆபத்து மிக அதிகம். பிள்ளையைக் காலை 7 மணிக்குப் பள்ளியில் விட்டு வருவதற்காக அஞ்ச வேண்டாம். மேகத்தை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய மேகம் வெளிச்சத்தைக் குறைப்பது போலப் புற ஊதாவைக் குறைப்பதில்லை. கூரைபோட்ட நடைபாதையும் குடையும் நேரடி வெயிலை நன்றாகத் தடுக்கும், ஆனால் வானத்திலிருந்து சிதறி வருவதும் தரையில் பட்டுத் திரும்புவதும் பக்கவாட்டில் வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் இரண்டும் வேண்டும், குடையும் க்ரீமும்.

உங்கள் கணவர் விஷயம் பாடப்புத்தகத்தில் இருப்பது போன்றது. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. 28 வருடம் ஓட்டியவர். சன்னல் பக்கம் இருந்த இடக் கன்னம் தடித்து மடிந்து கிழவர் முகமாகவும், வலக் கன்னம் அதைவிடப் பல வருடம் இளமையாகவும் இருந்தது. கண்ணாடி யூவிபியை நிறுத்திவிடும், ஆகவே முகம் எரியாது. யூவிஏ உள்ளே வந்துவிடும். காரின் முன் கண்ணாடி இரண்டு தகடு ஒட்டியது என்பதால் யூவிஏவையும் பெருமளவு தடுக்கும். பக்கக் கண்ணாடி வண்டிக்கு வண்டி மாறும். இங்கே ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் வலக் கன்னம், வலக் கை. முன் கண்ணாடியும் முன்பக்கச் சன்னல்களும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது போக்குவரத்து விதி, எனவே கறுப்பு ஃபிலிம் ஒட்ட முடியாது. ஆனால் யூவிஏவைத் தடுக்க ஃபிலிம் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத தெளிவான ஃபிலிமே 99 சதவீதம் வரை தடுக்கும், விதிக்குள்ளும் அடங்கும். வாங்கும்போது சூட்டைப் பற்றிக் கேட்காமல் யூவிஏவை எவ்வளவு தடுக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள். கைக்கு ஒரு உறை, முகத்துக்கு க்ரீம். ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பு என்பதால் அவரையும் மருத்துவர் ஒரு தடவை பார்ப்பது நல்லது. நீண்ட நாள் ஆறாத புண்ணோ செதிலோ அதில் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எல்லோரும் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அது முக்கியமாக யூவிபி கணக்கு. 30 என்றால் சுமார் 97 சதவீதம், 50 என்றால் சுமார் 98, அதற்கு மேல் பணம் கொடுத்து வாங்குவதற்கு ஒன்றுமில்லை. மூப்புக்கும் மங்குக்கும் பார்க்க வேண்டியது பிஏ என்ற எழுத்துக்குப் பின்னால் உள்ள கூட்டல் குறிகளை. ஜப்பானில் தொடங்கிய முறை, யூவிஏ பாதுகாப்பைச் சொல்வது, நான்கு கூட்டல்தான் உச்சம். குறைந்தது மூன்று கூட்டலாவது இருக்கட்டும். இதையெல்லாம்விட முக்கியம் அளவு. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. பாதி பூசினால் டப்பாவில் போட்ட எண் வெகுவாகக் கீழே போய்விடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் நீளமாக ஒவ்வொரு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். தினம் ஒரு தடவை இப்படிப் பூசினால் 50 மில்லி டியூப் ஏறக்குறைய ஆறு வாரம் வரும். உங்களுடையது ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஆகவே விலை குறைந்ததாக, தாராளமாகப் பூச மனம் வருவதாக வாங்குங்கள். வீட்டை விட்டுக் கிளம்பக் கால் மணி முன்பு ஒரு தடவை, மதியம் வெளியே போவதற்கு முன்பு இன்னொரு தடவை. வெயிலில் நின்றே வேலை என்றாலும், வியர்த்தாலும், நீந்தினாலும் இரண்டு மணிக்கொரு தடவை. காது, கழுத்தின் பக்கவாட்டு, புறங்கை, சேலை கட்டினால் ரவிக்கைக்கு மேல் தெரியும் முதுகு, இவற்றை எல்லோரும் மறக்கிறார்கள்.

நம்மவர்கள் சன்ஸ்கிரீனைக் கைவிட முதல் காரணம், முகம் சாம்பல் பூசியது போல ஆகிவிடுவது. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவை மாநிறத்தில் அப்படித்தான் தெரியும். பொறுத்துக்கொண்டு பூச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், பொறுத்துக்கொண்டு பூசும் க்ரீமை யாரும் இரண்டாவது மாதம் பூசுவதில்லை. நிறமில்லாத ஜெல் வகைகள் நிறைய வந்துவிட்டன. மங்கு இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், பழுப்பு நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனைத் தேடுங்கள். மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கருமையைத் தூண்டும் என்பது 2010க்குப் பிறகு உறுதிப்பட்டிருக்கிறது, சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. பழுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு தடுக்கும். அதற்காகக் கைபேசித் திரையின் நீல ஒளிக்குத் தனி க்ரீம் வாங்காதீர்கள், சூரியனோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இனிமேல் ஆரம்பித்துப் பலன் உண்டா? உண்டு, இதை நம்பிக்கையாகச் சொல்ல முடிகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், மற்றவர்களைத் தங்கள் விருப்பப்படி விட்டார்கள். நாலரை வருடம் கழித்து, தினமும் பூசியவர்களின் புறங்கைத் தோலில் மூப்பு 24 சதவீதம் குறைவு. 2013இல் வந்த முடிவு இது. அவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்கள்தான், 24 என்ற எண் நமக்கு அப்படியே வராது. ஆனால் நடுவயதில் தொடங்கினாலும் பலன் உண்டு என்பது நமக்கும் பொருந்தாமல் போகக் காரணம் எதுவும் இல்லை. வெயில் படுவது குறைந்ததும் தோல் தன் பழுதைத் தானே பார்க்கத் தொடங்குகிறது.

பாதுகாப்பு பழக்கமான பிறகே திருத்தும் மருந்து. வெயில் மூப்பைக் கொஞ்சமாவது திருப்புகிறது என்று பல வருட ஆதாரம் உள்ளது ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ வகை மருந்து, பருவுக்காக வந்து 1980களில் இதற்கும் பயன்படத் தொடங்கியது. இங்கே மருத்துவர் சீட்டு வேண்டும், கர்ப்பத்தில் கூடாது, பலன் தெரிய மாதங்கள் ஆகும். சீட்டில்லாமல் கிடைக்கும் ரெட்டினால் அதன் பலவீனமான உறவு. இரண்டிலும் நம்மவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: எரிந்தால் கறுக்கும். வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, மேலே மாய்ஸ்சரைசர் என்று தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுது" என்பது நம் தோலுக்குப் பெரிய பொய். எரிச்சல் தாங்காதவர்களுக்கு அசெலாயிக் அமிலம் நல்ல தேர்வு, கருமைக்கும் உதவும். நியாசினமைடும் வைட்டமின் சியும் கொஞ்சம் உதவும், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். குடிக்கும் கொல்லாஜன் பற்றிய ஆய்வுகளில் பல சிறியவை, விற்பவர்கள் பணத்தில் நடந்தவை, அந்தக் காசில் இரண்டு டியூப் சன்ஸ்கிரீன் வாங்கலாம். வெளுக்க வைப்பதாகச் சொல்லிப் போடும் குளுட்டாதயோன் ஊசி வேண்டவே வேண்டாம்.

தோழி கொடுத்த டப்பா. பெயர், தயாரிப்பாளர், உள்ளடக்கம் எதுவும் அச்சிடாமல் இரண்டு வாரத்தில் வெளுக்கும் என்று வரும் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். இப்படிப்பட்ட க்ரீம்களில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் இருந்ததைக் கண்டுபிடித்துச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பல தடவை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், துண்டு, தலையணை வழியாகப் பிள்ளைகளுக்கும் போகும். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் கண்காணிப்பில் சில மாதம் நல்ல மருந்து, வருடக்கணக்கில் தானாகப் பூசினால் நீலக்கறுப்பாக ஒரு கறை விழும், அதை எடுப்பது மங்குப் படையை எடுப்பதைவிடக் கடினம். ஸ்டீராய்டு கலந்தது இன்னும் ஏமாற்றும். முதல் மாதம் முகம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே பூசுவார்கள். ஏற்கெனவே சில வாரம் பூசியிருந்தால் அந்த எரிச்சலை நீங்களே சமாளிக்க முயலாமல் மருத்துவரிடம் போங்கள்.

வீட்டு வைத்தியத்தில் சந்தனமும் மஞ்சளும் கெடுதல் செய்வது அபூர்வம், வெயிலைத் தடுக்கவும் செய்யாது. தேங்காய் எண்ணெயும் தடுக்காது. எலுமிச்சையை மட்டும் தொடாதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்பளித்து மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். வைட்டமின் டி பயம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை எடுத்துக்கொள்ளலாம், அதற்காக முகத்தை வெயிலில் காட்ட வேண்டியதில்லை. புகைப்பிடிப்பதும் கொல்லாஜனை அறுக்கும், கணவர் புகைத்தால் அதையும் சொல்லுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் கன்னத்துப் படை அசையவில்லை என்றால், அல்லது எந்தப் புள்ளியாவது வளர்ந்தால், நிறம் மாறினால், ரத்தம் கசிந்தால், மருத்துவரைப் பாருங்கள். லேசர் பற்றி யோசித்தால், மாநிறத் தோலில் அதிகம் செய்து பழகியவரிடம் மட்டும், ஏனென்றால் தவறான லேசர் மங்குப் படையை இரட்டிப்பாக்கும். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டால் மண்டலே ரோட்டிலுள்ள நேஷனல் ஸ்கின் சென்டரில் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம், நேராகப் போனால் முழுக் கட்டணம். முதல் தடவையே சர்க்கரைப் பரிசோதனையையும் கேளுங்கள். இப்போது முகத்தில் பூசும் எல்லாவற்றையும், அந்தத் தோழி டப்பா உட்பட, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.